வியாழன் உச்சிக்கு வரும் ஊர்: கந்தப்பளையிலிருந்து கோள்களைப் படம்பிடித்தல்

1901ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி, திருகோணமலையில் ஒருவர் தொலைநோக்கி வழியாக வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோளின் தென்பாதியில், பெருஞ்செம்புள்ளி மிதக்கும் அதே பட்டையில், முன்னர் இல்லாத கரிய திரட்சி ஒன்று அவர் கண்ணில் பட்டது. பின்னாளில் அது கோளைச் சுற்றி நீண்டு வளர்ந்தது. 'தென் வெப்பமண்டலக் குழப்பம்' என்று வானியலாளர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது வியாழனில் நீடித்தது.

அதைக் கண்டவர் பேர்சி பிறேபுறூக் மோல்ஸ்வேர்த். பிரித்தானிய இராணுவத்தின் பொறியியற் பிரிவு அதிகாரி. 1867இல் கொழும்பில் பிறந்தவர். அவருடைய தந்தை கில்ஃபோர்ட் மோல்ஸ்வேர்த் இலங்கை ரயில் பாதையின் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர். மகனுக்கு வானியல் தொழிலல்ல, பொழுதுபோக்கு. பன்னிரண்டரை அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி ஒன்றைத் திருகோணமலையில் நிறுத்தி, இரவிரவாகக் கோள்களை வரைந்தார். 1908 டிசெம்பரில், 41 வயதில், திருகோணமலையிலேயே காலமானார். செவ்வாயில் உள்ள கிண்ணக்குழி ஒன்றுக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது.

திருகோணமலையைப் பற்றி நாம் எழுதியவை ஏராளம். ஆனால் வியாழனின் வரலாற்றில் அந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. நான் கந்தப்பளையில் இருந்துகொண்டு கோள்களைப் படம்பிடிப்பவன். மோல்ஸ்வேர்த் பென்சிலால் செய்ததை நான் கமராவால் செய்கிறேன். இந்தக் கட்டுரையின் நோக்கம், இதை எப்படிச் செய்வது, எங்கள் நாட்டில் இருந்து செய்வதற்கு என்ன தனி வசதி இருக்கிறது, எடுத்த படம் எப்போது ஒரு சான்றாக மாறுகிறது என்பவற்றைச் சொல்வதாகும்.

உச்சம் கொடுக்கும் கோள்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதற்பாதியில், இன்றைக்கு இன்ன ஊர்களுக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று வானிலைச் செய்தியில் சொல்வார்கள். நண்பகலில் நிழல் காலடியில் சுருங்கிவிடும். நாம் மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் நிகழ்வது அது. கோள்களும் வானத்தில் சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே செல்கின்றன. ஆகவே அவையும் எங்களுக்கு ஏறத்தாழ உச்சம் கொடுக்கும்.

கந்தப்பளை வட அகலக்கோடு 7 பாகையில் இருக்கிறது. வியாழன் வானத்தின் எவ்வளவு தெற்கே போனாலும், அல்லது எவ்வளவு வடக்கே போனாலும், இங்கே அது உச்சத்தைக் கடக்கும்போது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 60 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. லண்டனில் நிலைமை வேறு. கோள் தென்கோடியில் இருக்கும் ஆண்டுகளில் அங்கே 15 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. ரொறொன்ரோவில் 23 பாகை.

இந்த உயரம் ஏன் முக்கியம்? கோளின் ஒளி எங்களை அடைய வளிமண்டலத்தைக் கடந்து வரவேண்டும். தலைக்கு மேலே இருந்தால் கடக்கவேண்டிய காற்றுப்படை மிக மெல்லியது. 15 பாகையில் இருந்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு காற்று குறுக்கே நிற்கும். அத்தோடு சரிவாக வரும் ஒளியைக் காற்று ஓர் அரியம் போல நிறம் பிரித்துவிடும். கோளின் ஒரு விளிம்பு சிவந்தும் மறு விளிம்பு நீலமாகவும் தெரியும். ஐரோப்பாவில் உள்ளவர்கள் இதைத் திருத்தவே தனிக் கருவி வாங்குகிறார்கள். எங்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது.

1901இல் நடந்ததும் இதுதான். அந்த ஆண்டு வியாழன் வானத்தின் தென்கோடியில், தனுசு இராசிப் பக்கம் இருந்தது. இங்கிலாந்தில் உள்ளவர்களுக்கு அது அடிவானப் புகையில் தத்தளிக்கும் காலம். திருகோணமலையில் அது 58 பாகை உயரத்தில் நின்றது. மோல்ஸ்வேர்த்தின் திறமையும் உழைப்பும் ஒருபுறமிருக்க, அவர் நின்ற இடமும் அவருக்கு உதவியது.

இருட்டு வேண்டாம், அமைதியான காற்று வேண்டும்

வானத்தைப் படம்பிடிக்க மின்விளக்கே இல்லாத காட்டுக்குப் போகவேண்டும் என்பது பொதுவான எண்ணம். பால்வீதிக்கும் நெபுலாக்களுக்கும் அது சரி. கோள்களுக்குப் பொருந்தாது. வியாழனும் வெள்ளியும் தெருவிளக்கின் கீழ் நின்று பார்த்தாலும் தெரியுமளவு பிரகாசமானவை. வெள்ளவத்தையில் மாடி வீட்டு பல்கனியில் இருப்பவரும், ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருப்பவரும் கோள்களைப் படம்பிடிக்கலாம்.

இங்கே எதிரி காற்றின் கொந்தளிப்பு. வெவ்வேறு வெப்பநிலையுள்ள காற்றுப் பொதிகள் ஒன்றையொன்று உரசிக் கலக்கும்போது, கோளின் உருவம் ஓடும் நீரின் அடியில் கிடக்கும் காசு போல நெளியும். நட்சத்திரங்கள் படபடவென்று மினுங்கும் இரவு கண்ணுக்கு அழகானது. கோளைப் படம்பிடிக்க அது கூடாத இரவு. மெல்லிய பனிப்புகார் படர்ந்து, காற்று அசையாமல், நட்சத்திரங்கள் மங்கலாக ஆனால் நிலையாக எரியும் இரவுகளில்தான் எனக்கு நல்ல படங்கள் கிடைத்திருக்கின்றன.

கந்தப்பளை உயரமான ஊர். நானுஓயாவிலிருந்து இராகலைக்கு ஓடி 1948இல் நிறுத்தப்பட்ட சிறிய ரயில் பாதையில், கந்தப்பளை நிலையம் 6,316 அடியில் இருந்தது. இன்று நாட்டின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொலவை விடவும் அது உயரம். உயரம் கூடக்கூட மேலே உள்ள காற்று குறையும். அது நல்லது. ஆனால் மலைநாட்டுக்கென்று சில தொல்லைகளும் உண்டு. அவற்றை இங்கே உள்ளவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதலாவது, தகரக் கூரை. பகல் முழுவதும் வெயில் குடித்த லயத்துக் கூரை இரவில் வெப்பத்தை வெளிவிடும். அதற்கு மேலாகக் கோளைப் பார்த்தால் உருவம் கொதிக்கும். சீமெந்துத் தளமும் அப்படித்தான். புல்லோ மண்ணோ உள்ள இடம் நல்லது.

இரண்டாவது, புகை. மலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் எழும்பி அடுப்பு மூட்டும்போது லயத்தின் மேலே புகை தவழும். விடியற்காலையில் எடுப்பதாக இருந்தால் அடுப்பு மூட்டுவதற்கு முன் முடித்துவிட வேண்டும், அல்லது காற்று வரும் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் சூட்டுக்காற்று வெளியேறும் திசையையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளம். இரவில் குளிர்காற்று சரிவு வழியாக இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். மரக்கறித் தோட்டங்கள் இருக்கும் பள்ளத்தில் பனிமூட்டம் முதலில் கட்டுவது அதனால்தான். நூறடி மேலே மேட்டில் நின்றால் வானம் தெளிவாக இருக்கும்.

மாதங்களைப் பொறுத்தவரை, ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை எங்களுக்கு ஏற்ற காலம். புல்லில் உறைபனி படியும் இரவுகளும் அப்போது வரும். வட இந்தியாவில் குளிர்காலத்தில் மேல்வானில் விரைவுக் காற்றோட்டம் ஓடி உருவத்தைக் குலைக்கும். அது எங்களுக்கு வெகு வடக்கே போவதால் நாம் பெரும்பாலும் தப்பிக்கொள்கிறோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அந்த மாதங்களில் முகில் விலகும் அரை மணித்தியாலத்தைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கருவிகள்

வானத்தில் அளவைப் பாகையில் சொல்வார்கள். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழுநிலவின் விட்டம் ஏறத்தாழ 1,860 விகலை. வியாழன் எங்களுக்கு அருகில் வரும் காலத்தில் 45 முதல் 50 விகலை. அதாவது நிலவின் நாற்பதில் ஒரு பங்கு. சனியின் உருண்டை 20 விகலைக்கும் குறைவு. செவ்வாய் 4 விகலையிலிருந்து 25 விகலை வரை மாறும்.

ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுண்ணிய விபரத்தைப் பிரித்துக்காட்டும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். 116ஐ ஆடியின் விட்டத்தால் (மில்லிமீற்றரில்) பிரிக்க வேண்டும். 130 மி.மீ. ஆடி என்றால் 0.9 விகலை. 200 மி.மீ. என்றால் 0.58 விகலை. 130 மி.மீ. ஆடி வியாழனின் இரண்டு பெரிய பட்டைகளையும், பெருஞ்செம்புள்ளியையும், நான்கு பெரிய நிலவுகளையும், அந்த நிலவுகளின் நிழல் கோளின் மீது கரும்பொட்டாக நகர்வதையும் காட்டிவிடும். என்னிடம் இருப்பது அந்த அளவுதான்.

பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவர் அதில் சனியைப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, மோதிரத்தைக் கழட்டிப் போட்ட மாதிரியே இருக்கு, நெசமா இது நம்ம சனீஸ்வரன் தானா?" என்று கேட்டார். நிஜம்தான் பாட்டி என்றேன். இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

கமராவுக்கு இரண்டு வழி. முதல் வழி கைத்தொலைபேசி. கண்ணை வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டில் தொலைபேசியை ஒரு பிடியால் இறுக்கிக் காணொளி எடுப்பது. திரையில் கோளின் மீது விரலை அழுத்தி, குவியத்தையும் ஒளியையும் பூட்டிவிட வேண்டும். பிறகு ஒளியைக் குறைத்துக்கொண்டே வந்தால், வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது பட்டைகள் உள்ள உருண்டையாக மாறும். முதல் ஆறு மாதத்துக்கு இதுவே போதும்.

இரண்டாவது வழி, பார்வைத்துண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கோள்களுக்கான சிறிய கமராவைப் பொருத்துவது. அதைக் கணினியுடன் இணைக்க வேண்டும். இங்கே ஒரு கணக்கு உதவும். தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஆடியின் விட்டத்தால் பிரித்து வரும் எண், கமராவின் ஒரு பிக்சலின் அளவைப் போல (மைக்ரோனில்) ஏறத்தாழ ஐந்து மடங்காக இருக்க வேண்டும். 650 மி.மீ. குவியத்தூரமும் 130 மி.மீ. ஆடியும் கொண்ட தொலைநோக்கியில் அந்த எண் 5. மும்மடங்கு பார்லோ வில்லை ஒன்றை இடையில் போட்டால் 15 ஆகும். 2.9 மைக்ரோன் பிக்சல் உள்ள கமராவுக்கு அது பொருத்தம். வியாழன் அப்போது ஏறத்தாழ 150 பிக்சல் அகலத்தில் விழும். சிறிய படம்தான். ஆனால் அந்தத் தொலைநோக்கி தரக்கூடிய விபரம் முழுவதும் அதில் இருக்கும். அதற்கு மேல் பெருப்பித்தால் மங்கல்தான் பெரிதாகும்.

கருவியை விட முக்கியமான வேலைகள் இரண்டு. ஆடிகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். தொலைநோக்கியை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வெளியே வைத்து ஒரு மணித்தியாலம் ஆறவிட வேண்டும். கந்தப்பளையில் மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையில் பத்துப் பாகை வரை குளிர் இறங்கும். சூடான ஆடிக்கு மேலே எழும் காற்றே படத்தைக் கெடுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. உரிய வடிகட்டி இல்லாமல் எந்தத் தொலைநோக்கியையும் சூரியன் பக்கம் திருப்பக்கூடாது. மாலையில் வெள்ளியைத் தேடும்போது சூரியன் முழுவதும் மறைந்த பிறகே தேடுங்கள். பார்வை ஒரு நொடியில் போய்விடும்.

ஆயிரம் பிரேம்களில் இருந்து ஒரு படம்

கோளை ஒரே ஒரு படமாக எடுத்தால் மங்கலாகத்தான் வரும். காற்று எப்போது அமைதியாகும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆனால் எந்தக் கொந்தளிப்பிலும் இடையிடையே ஒரு கணம் உருவம் கூர்மையாகும். காணொளி எடுத்தால் அந்தக் கணங்களும் அதில் பதிவாகிவிடும். பிறகு அவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். இப்படி ஒரு நல்ல கணம் வாய்க்கும் நிகழ்தகவை 1978இல் டேவிட் ஃபிரீட் என்பவர் கணக்கிட்டுக் காட்டினார். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு மலிவான வெப்கமராக்கள் வந்ததும், சாதாரண மக்கள் கைக்கு இந்த வழி வந்து சேர்ந்தது.

செக்கனுக்கு 60 பிரேம் வீதம் இரண்டு நிமிடம் எடுத்தால் 7,200 பிரேம்கள். அவற்றில் சிறந்த பத்தில் ஒரு பங்கை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், படத்தில் உள்ள புள்ளிப்புள்ளியான இரைச்சல் குறையும். 900 பிரேம்களை அடுக்கினால் இரைச்சல் முப்பதில் ஒரு பங்காகும். அதன் பிறகுதான் படத்தைக் கூர்மையாக்க முடியும்.

இதற்கான மென்பொருள்கள் இலவசம். பதிவு செய்ய பயர்கெப்சர். பிரேம்களைத் தரம் பிரித்து அடுக்க, நெதர்லாந்தைச் சேர்ந்த எமில் க்ராய்கம்ப் எழுதிய ஓட்டோஸ்டக்கேர்ட். கூர்மையாக்க, அதே நாட்டைச் சேர்ந்த கோர் பெரெவூட்ஸ் எழுதிய ரெஜிஸ்டக்ஸ். சுழற்சியைத் திருத்த வின்ஜூபோஸ். பழைய மடிகணினியிலும் இவை ஓடும், கொஞ்சம் மெதுவாக.

எவ்வளவு நேரம் பதிவு செய்யலாம்? வியாழன் 10 மணித்தியாலத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதன் நடுவில் உள்ள ஒரு புள்ளி நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் விகலை நகரும். நான்கு நிமிடத்தில் ஒரு விகலை. 130 மி.மீ. ஆடி 0.9 விகலையைப் பிரிக்கும் என்று மேலே பார்த்தோம். ஆகவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே காணொளியாக எடுத்தால் படம் இழுபடும். 200 மி.மீ. என்றால் இரண்டு நிமிடம்.

கூர்மையாக்கும்போது கை நீளக்கூடாது. அளவுக்கு மீறினால் கோளின் விளிம்பில் இல்லாத ஒரு வளையமும், பட்டைகளில் இல்லாத புள்ளிகளும் தோன்றும். எது கோளில் இருக்கிறது, எது கணினி செய்தது என்று சந்தேகம் வந்தால், பத்து நிமிடம் கழித்து எடுத்த இரண்டாவது காணொளியைப் பாருங்கள். உண்மையான புள்ளி கோளோடு சேர்ந்து நகர்ந்திருக்கும்.

பழைய நேரம், புதிய நேரம், உலக நேரம்

மோல்ஸ்வேர்த்தின் வேலையின் உயிர் அவருடைய கடிகாரத்தில் இருந்தது. ஒவ்வொரு புள்ளியும் வியாழனின் நடுக்கோட்டைக் கடக்கும் நிமிடத்தை அவர் குறித்துவைத்தார். அப்படி ஆயிரக்கணக்கான குறிப்புகள். அந்த நிமிடங்களை வைத்துத்தான் புள்ளி கோளின் எந்த நெடுங்கோட்டில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கணக்கிட முடியும். நேரம் எழுதாத வரைபடம் அழகான வரைபடம். அதற்கு மேல் பயனில்லை. இன்றைய ஒளிப்படத்துக்கும் அதே சட்டம்தான்.

இங்கே ஒரு விடயத்தை வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1996 மே மாதம் இலங்கையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. அந்தப் பத்தாண்டும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே இருந்தது. ஓமந்தையைக் கடந்தால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும். "எந்த நேரம், பழசா புதுசா?" என்று கேட்காமல் யாரையும் சந்திக்க ஏற்பாடு செய்ய முடியாது.

எங்கள் குடும்பமும் அந்தப் பழைய நேரத்தில் வாழ்ந்ததுதான். 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. போர் முடிந்த பிறகு கந்தப்பளைக்குத் திரும்பினோம். வன்னியில் வானத்தை அண்ணாந்து பார்ப்பது, வண்டின் இரைச்சல் எந்தப் பக்கம் என்று அறிவதற்காக. இரவு திடீரென்று பகலானால் அது பரா வெளிச்சம், உடனே பதுங்குகுழி. மின்சாரம் இல்லாத அந்தக் காலத்து வானம் மிக இருண்டது, நட்சத்திரம் நிறைந்தது. ஆனால் குழாய் வடிவப் பொருள் ஒன்றை முற்றத்தில் வானத்துக்கு நேரே நிறுத்தும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்?

அந்தக் காலத்தில் எங்களுக்கு நடந்தவற்றுள் எத்தனையோ, திகதியும் நேரமும் இடமும் எழுதப்படாததால் இன்றும் 'நடந்ததா, இல்லையா' என்ற வாதத்துக்குள் கிடக்கின்றன. ஒரு பதிவுக்கு அந்த மூன்றும் எவ்வளவு அவசியம் என்பதை எங்களை விட நன்றாக அறிந்தவர் யார்? கோள் படத்துக்கும் அந்த மூன்றும் வேண்டும்.

எனவே உலகம் முழுவதும் கோள் படம் எடுப்போர் உள்ளூர் நேரத்தை எழுதுவதில்லை. உலக நேரத்தை எழுதுகிறார்கள். இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்தால் அது வரும். இரவு 11.40க்கு எடுத்த படம் உலக நேரம் 18.10. நள்ளிரவு கடந்தால் திகதியில் கவனம் வேண்டும். பெப்ரவரி 11ஆம் திகதி அதிகாலை 12.40 என்பது உலக நேரத்தில் பெப்ரவரி 10, 19.10. காணொளியின் தொடக்கமும் முடிவும் அல்லாமல் நடு நேரத்தையே எழுத வேண்டும். கோப்பின் பெயரே 2027-02-10-1810 என்று தொடங்கினால் பிறகு குழப்பம் வராது. எடுப்பதற்கு முன் கணினியின் கடிகாரத்தை இணையத்தோடு ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள்.

சாதாரண மக்கள் கண்டவை

அவுஸ்திரேலியாவின் அந்தனி வெஸ்லி ஒரு கணினி நிரலாளர். 2009 ஜூலை 19ஆம் திகதி தன் வீட்டு முற்றத்தில் பதினான்கரை அங்குலத் தொலைநோக்கியால் வியாழனைப் படமெடுத்தபோது, தென்துருவப் பக்கம் புதிய கருந்தழும்பு ஒன்றைக் கண்டார். ஏதோ ஒன்று கோளில் மோதியிருந்தது. அவர் அறிவித்த பிறகுதான் ஹவாயில் உள்ள பெரிய தொலைநோக்கிகளும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் அந்தப் பக்கம் திரும்பின.

அடுத்த ஆண்டு ஜூன் 3ஆம் திகதி, உலக நேரம் 20.31க்கு, வியாழனில் இரண்டு செக்கன் நீடித்த ஓர் ஒளிப்பொறியை அதே வெஸ்லி பதிவு செய்தார். ஒரே ஒரு கமராவில் தெரிந்தால் அது கமராவின் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் பிலிப்பைன்ஸின் செபு நகரில் கிறிஸ்டோபர் கோ என்பவரின் காணொளியிலும் அதே செக்கனில் அதே பொறி இருந்தது. இரண்டு இடங்களின் நேரமும் பொருந்தியதால் ஐயம் தீர்ந்தது. மோதிய பொருள் ஏறத்தாழ 8 முதல் 13 மீற்றர் குறுக்களவு கொண்டது என்று பின்னர் கணக்கிட்டார்கள். அப்போது இலங்கையில் ஜூன் 4 அதிகாலை 2.01. வியாழன் எங்கள் கிழக்கு அடிவானத்தில் ஏறியிருந்தது.

கோ வாழும் செபு, வட அகலக்கோடு 10 பாகையில் உள்ள வெளிச்சம் நிறைந்த ஒரு நகரம். 2006இல் வியாழனின் வெள்ளைப் புயல் ஒன்று சிவப்பாக மாறியதைக் கண்டவரும் அவரே. 2010இல் மறைந்துபோயிருந்த தெற்குப் பட்டை அந்த ஆண்டு நவம்பரில் மீண்டும் எழத் தொடங்கியதை முதலில் கண்டவரும் அவரே. இவை எல்லாவற்றுக்கும் அவர் பயன்படுத்தியது 11 அங்குலத் தொலைநோக்கி.

எங்கள் நெடுங்கோட்டுக்கும் ஒரு பெறுமதி உண்டு. இங்கே நள்ளிரவாகும்போது ஜப்பானில் அதிகாலை 3.30, சிட்னியில் விடியல் நெருங்குகிறது, அமெரிக்காவில் பகல், மேற்கு ஐரோப்பாவில் மாலை. கிழக்கில் உள்ளவர்கள் முடித்து, மேற்கில் உள்ளவர்கள் தொடங்கும் இடைவெளியில் வியாழன் எங்கள் உச்சியில் நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு மோதல் நடந்தால் அதைப் பதிவு செய்ய இந்தியாவிலும் இலங்கையிலும் கமராக்கள் வேண்டும்.

படத்தை எங்கே அனுப்புவது

ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் பிவிஓஎல் என்ற தரவகம் உலகெங்கும் இருந்து கோள் படங்களை ஏற்றுக்கொள்கிறது. ஜப்பானின் அல்போ அமைப்பும், பிரித்தானிய வானியல் சங்கத்தின் வியாழன் பிரிவும் அவ்வாறே. இலவசம். 2016 முதல் வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலத்தின் கமராக் குழுவும் இத்தகைய படங்களைப் பயன்படுத்துகிறது. பிரான்ஸின் மார்க் டெல்குறுவா எழுதிய டிடெக்ட் என்ற மென்பொருள், உங்கள் காணொளியில் ஒளிப்பொறி ஏதும் இருக்கிறதா என்று தானே தேடும். ஒன்றும் இல்லை என்றாலும் அதையும் அனுப்பச் சொல்கிறார்கள். எவ்வளவு நேரம் பார்த்து எத்தனை மோதல் கண்டோம் என்ற கணக்குக்கு அது வேண்டும்.

இலங்கையில் பெரிய தொலைநோக்கி, மொரட்டுவை கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் இருக்கிறது. 45 சென்ரிமீற்றர் ஆடி கொண்டது, 1996இல் ஜப்பான் வழங்கியது. மாணவர்களை அழைத்துச் செல்ல நினைக்கும் ஆசிரியர்கள் முன்கூட்டி எழுதிக் கேட்கலாம்.

2027 பெப்ரவரி

தொடங்க விரும்புவோருக்கு ஒரு திகதி சொல்கிறேன். 2027 பெப்ரவரி 10, 11ஆம் திகதிகளில் வியாழனும், 19ஆம் திகதி செவ்வாயும் சூரியனுக்கு நேர் எதிரே வருகின்றன. இரண்டும் மாலையில் கிழக்கே உதித்து, நள்ளிரவில் உச்சிக்கு வந்து, விடியும்வரை நிற்கும். சிங்க இராசிப் பக்கம், ஒன்றுக்கொன்று அருகில். எங்கள் வானத்தில் இரண்டுமே 80 பாகைக்கு மேல் ஏறும். மலைநாட்டிலும் வடக்கிலும் வானம் திறந்திருக்கும் மாதம் அது. வியாழன் 45 விகலை. செவ்வாய் 14 விகலைக்குச் சற்றுக் குறைவு. அதன் வடதுருவப் பனித்தொப்பி சிறிய ஆடியிலும் தெரியும். புலம்பெயர்ந்தவர்களுக்கும் அது நல்ல காலம். லண்டனில் ஏறத்தாழ 53 பாகை, ரொறொன்ரோவில் 61 பாகை உயரம். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பாகத் திரும்பி மறைந்து, இப்போது மெல்ல மெல்ல விரிந்து வருகிறது.

வடக்குக் கிழக்கில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறை ஆலோசனை. இரவில் முற்றத்தில் தொலைநோக்கி நிறுத்துவதற்கு முன் அயலவருக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லிவையுங்கள். முதல் இரவிலேயே அவர்களைக் கூப்பிட்டு நிலவைக் காட்டுங்கள். இரவு வானம் இன்னும் நெஞ்சைப் பதறவைக்கும் வயதானவர்கள் பலர் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம். பேரப்பிள்ளை பார்த்துவிட்டுச் சிரிப்பதைக் கேட்டு, அவர்களாக வந்து குனிந்து பார்ப்பார்கள்.

கந்தப்பளையில் எங்கள் பக்கத்து லயங்களில் இருந்து பாடசாலைப் பிள்ளைகள் நான்கு பேர் இப்போது என்னோடு வருகிறார்கள். ஒருவர் கமராவைப் பார்ப்பார், ஒருவர் கோளை நடுவில் வைத்திருப்பார், ஒருவர் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்காவது பிள்ளையிடம் கொப்பியும் பேனையும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காற்றின் நிலை, பார்த்தவர் பெயர் எல்லாம் அதில் ஏறும். நேரத்தை அவர் உலக நேரத்திலேயே எழுதுகிறார்.